இரண்டு விரற்கடை

இடது காதுக்கு மேலே, இரண்டு விரற்கடை.
இன்றைக்கு அங்கே.
நேற்று உச்சியில். போன வாரம் பிடரியில்,
காலர் உரசுகிற இடத்தில்.
பசார் மாலாம் கூடாரம் மாதிரி
ஒரே புண்
வட்டாரம் வட்டாரமாய்ப் போகிறது.

விரல் முதலில் தடவத்தான் போகும்.
தடவுவதில் என்ன இருக்கிறதென்று நானும் விடுவேன்.
ஒரு சொரசொரப்பு. தூக்கி நிற்கும் ஓர் ஓரம்.
அதற்குப் பிறகு நான் அங்கே இல்லை.
பீஷான் எப்போது வந்தது, நொவீனா எப்போது போனது,
ஒன்றும் தெரியாது.
நகத்தடியில் ஈரம் பட்டதும் திரும்பி வருவேன்.
எதிர் இருக்கைக் குழந்தை
கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

வலிக்காதா?
வலிக்கும்.
வலிப்பதற்கு ஒரு நொடி முன்னால்
பொருக்கு முழுசாய், ஓரம் உடையாமல்
கையோடு வருகிறதே,
அதை எந்த வாயால் சொல்ல?
விலைச்சீட்டு கிழியாமல் உரிந்து வந்தால்
யாருக்குத்தான் பிடிக்காது.

தொடக்கநிலை ஆறில் ஆரம்பித்தது.
அம்மா பேன் என்று நினைத்தாள்.
இரண்டு புட்டி மருந்து தேய்த்து
மடியில் வெள்ளைத் துண்டு விரித்து
அழுத்தி அழுத்தி வாரினாள்.
பேன் விழவில்லை.
விழுந்ததெல்லாம் நான்.

வெள்ளைச் சட்டை போட்டால் சிவப்பு தெரியும்.
கறுப்பு போட்டால் வெள்ளை தெரியும்.
சாம்பல் நிறத்தில் ஒன்பது சட்டை வைத்திருக்கிறேன்.
அலுவலகத்தில் அதைச்
சிக்கனம் என்று நினைக்கிறார்கள்.

குடும்பச் சண்டை ஓய்கிற நேரத்தில்
யாராவது ஒருவர் சொல்வார்:
ஆறின புண்ணைக் கிளறாதீங்க.
எல்லாரும் தலையாட்டுவார்கள்.
நான் மட்டும்
வலது கையைத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்திருப்பேன்.

பலதுறை மருந்தகத்து டாக்டர் சுவா
இதற்கொரு பெயர் சொன்னார்,
நீளமானது, தாளில் எழுதியும் கொடுத்தார்.
இருபத்திரண்டு வருஷம் பெயரில்லாமல் வளர்த்திருக்கிறேன்.
மின்தூக்கியில் இறங்கும்போது
அந்தச் சந்தோஷத்தில்
அதையே செய்துகொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் முன்பெல்லாம்
நோண்டாதே என்பார்.
பிறகு கையைப் பிடித்துப் பார்த்தார்.
ஒருநாள் நான் கத்திவிட்டேன்.
இப்போது இருமுகிறார்.
சளி இல்லாத, சின்ன இருமல்.
பாதிப் படத்தில், இருட்டில்,
நான் கையை இறக்குவேன்.
அவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முடிதிருத்தக் கடைக்குப் போய் ஏழு வருஷம்.
குளியலறைக் கண்ணாடி முன் நானே வெட்டிக்கொள்வேன்.
கொழுந்தன் கல்யாணம் வந்து மாட்டிவைத்தது.
சிராங்கூன் சாலைக்குப் பின்சந்தில்
மாடிக் கடை. கோகிலவாணி என்று ஒரு பெண்,
தினமும் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வருகிறவள்.
வகிடு பிரித்தாள்.
சீப்பு நின்றது.

பொய் தயாராக இருந்தது எனக்கு:
புது ஷாம்பூ, ஒத்துக்கொள்ளவில்லை.
அவள் கேட்கவில்லை.
சீப்பை வைத்துவிட்டுப் பல் அகன்ற ஒன்றை எடுத்தாள்.
தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள்.
சூடா இருந்தா சொல்லுங்க அக்கா.

துண்டு சுற்றும்போதுதான் பார்த்தேன்,
அவள் கட்டைவிரலை.
நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து,
இளஞ்சிவப்பாய்,
இன்று காலை வேலைபோல.
குடிநுழைவு வரிசையில் நிற்கும்போதாக இருக்கும்.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
விரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள்.

அப்புறம் இரண்டு பேரும்
ஷாம்பூவைப் பற்றிப் பேசினோம்.
வெகுநேரம், அக்கறையாக.

திரும்பும் ரயிலில் தலை மணத்தது.
பைவாரை இறுகப் பிடித்திருந்தேன்,
அங் மோ கியோ வரை, இயோ சூ காங் வரை.
காத்திப்பில் கதவு மூடியபோது
கை மேலே இருந்தது.
இடது காது. இரண்டு விரற்கடை.
தடவத்தான்.

பெட்டியின் கோடியில் யாரோ இருமினார்கள்.
நிஜமான இருமல், சளியோடு,
என்னை யாரென்றே தெரியாத இருமல்.

கை தானாய் மடிக்கு இறங்கியது.
அடுத்தது யீஷூன்.