இடது கண்ணுக்கு இன்னும் தேதி இல்லை

பழுத்த உதிரியும் பச்சை உதிரியும் கூழாங்கல்லும்
ஒரே நிறமாகிப்போன மாதத்தில்
மண்டோர் பாலையா என் சாக்கைக் கவிழ்த்துக் காட்டினார்.
பாதி கல்.
கூலியில் பதினோரு வெள்ளி போயிற்று.
நான் ஒன்றும் பேசவில்லை.
குனிந்து அந்தக் கற்களை ஒவ்வொன்றாய்த் தடவினேன்,
பழம் போலத்தான் இருந்தன.

லாபிஸ் கிளினிக்கில் டார்ச் அடித்த பையன்
முற்றின புரை என்றான்,
சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தான்.
பஸ் காலை ஏழுக்கு.
பலகை தெரியாததால்
வந்து நின்றதையெல்லாம் தட்டிக் கேட்டேன், சிகாமட்டா, சிகாமட்டா என்று.
ஒரு சிமெண்ட் லோரியையும் கேட்டுவிட்டேன்.
அவன் நல்லவன், இல்லையம்மா என்றான்.

கவுண்டரில் அட்டையை நீட்டினேன்.
அந்தப் பெண் திருப்பினாள், மறுபடியும் திருப்பினாள்,
பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாய்ச் சொன்னாள்:
மேரா.
எனக்குக் காதில் புரை இல்லை.

சிவப்பு.
பிறந்தது இதே தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில்.
பத்திரம் பதிய அப்பாவுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை.
அந்த ஒரு நாள் லீவு
அறுபத்து மூன்று வருஷம் வட்டி போட்டு
ரசீதாய் வெளியே வந்தது.
என் பக்கத்து நாற்காலியில் ரஃபிக்குல்,
செம்பனை முள் குத்தின கண்ணோடு.
டாக்காவிலிருந்து வந்து மூன்று வருஷம்தானாம்.
அவனுக்கும் எனக்கும் ஒரே விலை.

கூட்டுப் பணத்தில் அந்த மாதம் ரோஸம்மாவின் முறை.
எடுத்துக்கோ தெய்வானை, என் கூரை இன்னொரு மழை தாங்கும் என்றாள்.
தாங்கவில்லை. அது வேறு கதை.

இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள்.
இனிப்பு நீர் பதினான்கு. பிறகு பன்னிரண்டரை.
மூன்றாம் தடவை
டேவனாய், டேவனாய் என்று மிஸ்ஸி கூப்பிட்டாள்.
யாரையோ என்று உட்கார்ந்திருந்தேன்.

மேலே ஒரு வெளிச்சம்.
அதற்குள் யாரோ தட்டுக் கழுவுகிற மாதிரி தண்ணீர் ஓடியது.
என் அரிசி வேகிற நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்ததும்
முதலில் வந்தது நீலம்.
மூலையில் கிடந்த துடைக்கிற வாளி, அவ்வளவுதான்,
அதைப் பார்த்து அழுதால்
சொட்டு மருந்து கரைந்துவிடும் என்று மிஸ்ஸி திட்டினாள்.
சுவரில் எழுத்துகள் காட்டினார்கள். படிப்பு இல்லை,
விரலால் திசை காட்டினேன்.
முன்பு மேல் வரிசையே இல்லை,
இப்போது ஐந்தாவது வரை போனேன்.
ஆறாவதில் ஏதோ நெளிந்தது.
அது புரை இல்லையாம், சர்க்கரை உள்ளே போய்த் தின்ற இடமாம்.

வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்தேன்.
இத்தனை காலம் தேயிலைச் சாயமாய்த் தெரிந்தது
உண்மையில் என்ன நிறம் தெரியுமா?
நன்றாய்ப் பழுத்த உதிரி நிறம்.
கீழே கிடந்திருந்தால்
பொறுக்கிச் சாக்கில் போட்டிருப்பேன்.

ஒரு மாதம் குனியக் கூடாது என்றார்கள்.
குனியாமல் உதிரி பொறுக்குகிறவளை
யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.
ஒன்பதாம் நாள் பெரட்டுக்குப் போனேன்.

வலது கண்ணை மூடினால் பழைய பழுப்பு,
இடது கண்ணை மூடினால் ஓலை ஓலையாய்ப் பச்சை.
இப்படி மாற்றி மாற்றி விளையாடிக்கொண்டிருந்தபோது
மண்டோர் கிட்டத்தில் வந்து நின்றார்.
பாலையாவின் இரண்டு கருவிழியிலும்
சோற்றுப் பருக்கை ஒட்டினாற்போல் வெள்ளை.

அப்படியானால் அன்றைக்கு
அவர் கல்லைப் பார்க்கவில்லை.
சாக்கைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

என்ன முறைக்கிறே, என்றார்.
ஏழு மணி பஸ், என்றேன். உங்களுக்கு நீல அட்டை, செலவு கம்மி.
இனிப்பை மட்டும் குறைச்சுக்குங்க.

அவர் பதில் சொல்லாமல்
என் சாக்கை வாங்கி, எடை பார்த்தார்.