மணிக்கு எவ்வளவு

பஹாவ் கடைத்தெரு. டயர் கடைக்கு மேல்மாடி.
கால்குலேட்டர், ஆறிப்போன தே ஓ,
செம்பனை ஏற்றும் டிராக்டரின் நோட்டுப் புத்தகம்.

வாங்கியது நாற்பத்தெட்டாயிரம் ரிங்கிட்.
எட்டு வருடம் கழித்து அஹ் செங் தருவது பதினாறு,
அன்றைக்கு அவன் மனசு நன்றாயிருந்தால்.
வருடத்துக்கு நாலாயிரம் கரையும்.
எண்ணூறு மணி ஓடினால் மணிக்கு ஐந்து.
மழை பிடித்து ஐந்நூறு மணிதான் என்றால்
எட்டு.
சும்மா நிற்கிற இரும்புக்குத்தான் பசி அதிகம்.

வட்டி இரண்டு. காப்புறுதி ஐம்பது சென்.
டீசல் பதினெட்டு. ரிப்பேர் ஆறு,
போன மாதக் கிளட்ச்சை மறந்துவிட்டால்.
ரஃபிக்குலுக்குப் பத்து.
ஆக நாற்பத்தொன்றரை.

தோட்டத்து மேனேஜரிடம்
வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தது நாற்பது.
மணிக்கு ஒன்றரை கொடுத்து
அவர் குலையை நான் சுமந்திருக்கிறேன்.

மறுபடி கூட்டினேன். மீட்டர் இடித்தது:
வேலைச் சீட்டைவிட மாதம் பத்து மணி அதிகம்.
எண்ணெய்த் திருட்டென்றே நினைத்து
இரவு எட்டரைக்குக் கொட்டகைக்குப் போனேன்.

விளக்கில்லை. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டு.
இருக்கையில் ரஃபிக்குல்.
பாட்டரியிலிருந்து இழுத்த ஒயரில் கைப்பேசி.
அதற்குள் முன்பல் விழுந்த ஒரு சிறுமி
எனக்குத் தெரியாத மொழியில்
வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள்.
ஏழாம் வாய்ப்பாடாக இருக்கலாம்; அங்கேதான் எல்லோரும் தடுக்குவோம்.

என்னைக் கண்டதும் சாவியைத் திருகப் போனான்.
வேண்டாமென்று கைகாட்டிவிட்டுத் திரும்பினேன்.

புது மதிப்பீடு மணிக்கு நாற்பத்தேழு.
மேனேஜர் வரிவரியாகக் கேட்பார்.
மசகெண்ணெய் என்ற வரியில்
எழுபது சென் கூட்டி எழுதியிருக்கிறேன்.