பூவுக்குப் பல் தேய்ப்பவள்

தேக்காவில் யாரும் வாங்காமல்
மஞ்சள் பாய்ந்துபோன காயை
அரை வெள்ளிக்கு ஒதுக்கித் தந்தார் கடைக்காரர்.
'சமைக்க ஆகாதும்மா' என்றார்.
சமைக்க வாங்கவில்லை.

விதையைக் கழுவி
மின்கட்டண உறையின் முதுகில் காயவைத்தேன்.
ஈரச்சந்தை மீன்காரர் கொடுத்த வெள்ளைப் பெட்டியில்
இன்னும் கொஞ்சம் செதில் ஒட்டியிருந்தது.
கத்தரிக்கு அது பிடித்துப்போனது.

ஈசூன், பதினொன்றாம் மாடி.
வெயில் எங்கள் நடைபாதைக்கு
ஏழு மணிக்கு மேல் வந்து
பத்தரைக்குக் கிளம்பிவிடும்,
பகுதிநேர வேலைக்காரி மாதிரி.
இலைகள் அதற்குள் தின்று முடித்தாக வேண்டும்.

நகர மன்றத்திலிருந்து ஒருவர் வந்து
நாடாவை விரித்து அளந்தார்.
வழி நான்கு விரற்கடை குறைந்தது.
பெட்டியைத் தள்ளிவைத்தேன்.
செடி மட்டும் ஒரு கிளையை
மக்சிக் ரொஹாயாவின் சன்னல் கம்பிக்குள்
நீட்டிக்கொண்டது.
அவர் வெட்டவில்லை.
'தெரோங்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு
அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினார்.
கொசுப் பரிசோதகர் அடித்தட்டில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.

பூத்தது.
உதிர்ந்தது.
பூத்தது உதிர்ந்தது பூத்தது உதிர்ந்தது.
காலையில் கூட்டும்போது
துடைப்பமெல்லாம் ஊதா.

கத்தரிப்பூ தன் மகரந்தத்தை
மஞ்சள் குழாய்களுக்குள் இறுக மூடி வைத்திருக்கிறது.
கெஞ்சினால் தராது.
வண்டு ஒன்று கால் பற்றித் தொங்கி
உடம்பு முழுக்க ரீங்கரித்தால்தான்
நுனித்துளை வழியே கொட்டும்.
பதினொன்றாம் மாடிக்கு எந்த வண்டு வரும்?
லிப்டில் அதற்குப் பொத்தான் எட்டாது.

குளியலறை அலமாரிக்குப் பின்னால்
உன் மின்பல்துலக்கி கிடந்தது.
பெட்டி பெட்டியாக எடுத்துப் போனவன்
இதை விட்டுவிட்டாய்.
சார்ஜில் போட்டதும்
பச்சை விளக்கு எரிந்தது,
எதுவுமே நடக்காததுபோல.

பூவின் பின்கழுத்தில் வைத்தேன்.
இரண்டு விநாடி.
மாவு சலித்தாற்போல
என் கட்டைவிரல் நகத்தில் மஞ்சள்.

கடைசி வீட்டு ஜுன் வெய்
பள்ளிப்பையோடு நின்று பார்த்தான்.
'ஆன்ட்டி, பூவுக்குப் பல் தேய்க்கிறீங்களா?'
ஆமாம், ராத்திரி தேய்க்காமல் தூங்கிவிட்டது என்றேன்.
நம்பிக்கொண்டே லிப்டுக்கு ஓடினான்.

உனக்குக் கத்தரிக்காய் ஆகாது.
ஒரு துண்டு நாக்கில் பட்டாலே உதடு தடித்துவிடும்.
பதினாறு வருடம்
இந்த வீட்டுச் சாம்பாரில் முள்ளங்கிதான்.
எனக்கும் பிடிக்காது என்றே
எல்லோரிடமும் சொல்லப் பழகியிருந்தேன்.

ஆறாம் நாளும் அந்தப் பூ உதிரவில்லை.
காம்பு முள்ளோடு தடித்து,
வாடிய இதழுக்கு அடியில்
கொட்டைப்பாக்களவு கருப்பு.

முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் தீரும் என்பார்கள்.
நான் முற்ற விடவில்லை.
முதல் காய் மக்சிக் வீட்டுக்குப் போய்
சம்பாலோடு திரும்பி வந்தது.
இரண்டாவதில் புழு.
மூன்றாவதை
இரவு வேலை முடிந்து வந்து
எண்ணெயில் வதக்கி
அடுப்படியில் நின்றுகொண்டே தின்றேன்,
சோறில்லாமல்.

அப்போதுதான் உன் செய்தி வந்தது:
என் சாமான் ஏதாவது அங்கே கிடக்கிறதா?
கையெல்லாம் எண்ணெய்.
சுண்டுவிரலால் பதில் போட்டேன்,
இல்லை.

நாளைக்கு மூன்று மொட்டு திறக்கும்.
மறக்காமல் இப்போதே
சார்ஜில் போட வேண்டும்.