எந்த அடியில்

தார்த்து நகரில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
லீவிகாவின் திரையில் நாலாயிரம் சாம்பல் புள்ளிகள்.
ஒரு புள்ளி, ஓர் ஆள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரே வாசகத்தைக் காட்டுகிறாள்:
"பாலம் நடப்பவர்களுக்கே."
ஒருமுறை காட்டினால் ஒன்றுமில்லை.
ஏழாம் முறை லேசாக மஞ்சள் தட்டுகிறது.
ஒரு வாரம் காட்டாமல் விட்டால் வெளுத்துப்போகிறது,
அதற்கும் ஓர் எண் வைத்திருக்கிறாள்,
மறதி விகிதம் என்று.

அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும்.
சொல்லிவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.
அவள் அங்கேயே நிற்கிறாள்:
எந்த அடியில்?
பதினெட்டில் நகர்ந்தது என்றால்
முந்தைய பதினேழும் வீணா,
இல்லை, அவைதாம் நகர்த்தினவா,
பதினெட்டு சும்மா பக்கத்தில் நின்றதா?

ஒரு காற்புள்ளி தவறு. திருத்தி, மறுபடி ஓட்டி,
வாசகம் வருகிறதா என்று பார்த்து,
மறுபடி.
காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

வாக்குச்சாவடி, பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம்.
தொங்கும் கயிறுகள், ஈர பூட்ஸ் வாசனை.
சீட்டில் அதே இரண்டு சொல்.
பேனா 'ஆம்' மேல் போய் நின்ற பிறகுதான் உறைத்தது:
இந்த ஊரில் இதை அதிகமுறை படித்தவள் நான்.
எனக்கென்று ஒரு புள்ளி போடவே இல்லை.
முன்பு என்ன நினைத்திருந்தேன் என்று தேடினாள்.
முன்பு என்பதே கைக்கு அகப்படவில்லை.
பின்னால் யாரோ இருமினார்கள்.
கோடு போட்டு, மடித்து, பெட்டியில் போட்டாள்.

கவுப்போவின் எட்டாம் எண் பேருந்து.
அதன் விலா முழுக்க அந்த வாசகம், ஆளுயர மஞ்சளில்.
ஊருக்கெல்லாம் காட்டித் திரிந்தவன்
இருட்டில் ஏறி இருட்டில் இறங்குகிறவன்,
படித்ததே இல்லையாம்.
"ஆனாலும் 'ஆம்'தான் போட்டேன்.
இனிமேல் சுற்றிக்கொண்டுதான் ஓட்டணும்."
ஏன்?
போன பிப்ரவரி, பாலத்தின் நடுவில்,
தள்ளுவண்டியோடு ஒருத்தி சறுக்கி விழுந்தாள்.
பிரேக் பிடித்தது. ஒரு முழம் பாக்கி.
"ஒரே தடவை" என்றான், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

கணக்குக்குள் அடங்காததற்கு
அவள் துறையில் எச்சம் என்று பெயர்.
அன்றிரவு அவனை ஒரு புள்ளியாகச் சேர்த்தாள்.
எந்த வாசகமும் காட்டவில்லை.
கணினியின் விசிறி சுழல, வெகுநேரம் பார்த்திருந்தாள்.

சாம்பலாகவே இருந்தது.