எண்பதுக்குக் கீழே

கோணம் தொழிற்பேட்டையில்
ரப்பர் பாய் கம்பெனிக்குப் பின்னால் எங்கள் இரண்டு அறை.
மூன்று வாரமாய்த் திரையில் எண்
தொண்ணூற்றாறு கெல்வினை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

எஃகு வலையை வட்டம் வட்டமாய் வெட்டி
சட்டைப் பொத்தானிலும் சின்னதாய்
அறுநூற்று நாற்பது சல்லடை
குழலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியவள் நான்.
எண்ணிக்கை தப்பவில்லை.
கையுறைக்குள் வியர்த்ததுதான் உறுத்தல்.

ரசலையன் சார் கடலைக் குற்றம் சொன்னார்:
"ஆடிக் காத்து பூரா தண்ணி.
உள்ள போயி உறைஞ்சு வழிய அடைக்கு."
பிரித்தோம். ஓவனில் இரண்டு நாள் வாட்டினோம்.
ஹீலியத்தை நிரப்பி, வெளியேற்றி, நிரப்பி,
மோர்ப்பானை அலசுவது போல மூன்று தடவை.

மறுபடி ஓடவிட்ட அன்றைக்குத்தான்
கில்டஸ் அண்ணன் வந்தான்,
சின்னமுட்டம் ஐஸ் பிளாண்டில் பாளம் உடைக்கிறவன்,
தெர்மோகோல் பெட்டியில் சாளையோடு.
"குளிரு மெஷின்னு சொன்னியே, ஐஸ் எங்கட்டி?"
கம்ப்ரசரைத் தொட்டுக் கையை உதறினான்.
"சூடாட்டுல்லா கெடக்கு!"

கெடக்கும்.
குளிரை யாரும் செய்வதில்லை அண்ணா.
அந்த முனையிலிருக்கும் சூட்டை
இந்தப் பக்கம் கோரிக் கொட்டுகிறோம்,
நொடிக்கு ஐம்பது தடவை,
ஓட்டை வள்ளத்தில் நீ தண்ணி கோருகிற மாதிரி.
உன் ஐஸ் எங்கள் கணக்கில் இருநூற்று எழுபத்து மூன்று.
கொதிக்கிற சாமான்.

"எத்தன மீனு வைக்கலாம் இதுக்குள்ள?"
ஒரு கடுகு வைக்கலாம்.
கடுகில்லை, கண்.
ராக்கெட்டில் ஏறிப் போய்
ராத்திரிக் கடலின் சூட்டைப் பார்க்க வேண்டியது.
இப்போதைக்குத் தன் உடம்புச் சூடே
அதில் விழுந்த மணல்.

சிரிப்பான் என்று நினைத்தேன்.
"நீரு சூடு தெரிஞ்சா
மீனு எங்க நிக்கும்னு தெரியும்லா"
என்றவன் வாசலில் நின்று,
"தெறந்தா சொல்லு" என்றான்.

நாலு மணி கரண்ட் கட்டைத் தாண்டி
யூபிஎஸ்ஸின் கீச்சலில்
தொண்ணூற்றொன்று. எண்பத்து நாலு.
புகை இல்லை, உறைபனி இல்லை.
வெளிக்கூட்டில் வெள்ளை பூத்திருந்தால்
வெற்றிடம் கசிகிறது, தோற்றோம் என்று பொருள்.
ஈரமில்லாத அந்த உலோகத்தைச் சார் தடவிப் பார்த்தார்,
கண்ணாடியைத் துடைத்து மாட்டி
எண்ணை மறுபடி வாசித்தார், வாய்விட்டு.

நோட்டில் தேதி போட்டு எழுதினேன்:
எழுபத்தொன்பது புள்ளி ஆறு.
மேசைக்கடியில் சாளைப் பெட்டி ஒழுகி
என் செருப்பு இரண்டும் நனைந்திருந்தன.