மூடிக்குள் பென்சில்

கரண்ட் பில் கூடிவிட்டதென்று
நிஸ்தாரைக் கூப்பிட்டேன்.
கதிரையில் ஏறி ஏசியின் மூடியைத் திறந்தார்.
"பில்டரா அக்கா இது, கம்பளியா?"

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
காலி வீதி பஸ்களின் புகை,
மரைன் டிரைவ் பக்கத்து உப்பு,
தை மாதம் செத்துப்போன பூனையின் மயிர்.
எல்லாவற்றையும் சலித்துச் சலித்துக்
களைத்துத்தான் இராத்திரிகளில் இருமியிருக்கிறது.
நாங்களோ ரிமோட்டைத் தட்டினோம்:
பதினெட்டு, பதினேழு, பதினாறு.

கழுவ முடியாதாம். நைந்துவிட்டது.
புதியதைச் செருகிவிட்டு
மூடியின் உட்பக்கம் திகதி போடப் போனவர்
சிரித்தார்.

ஏற்கனவே அங்கே ஒரு திகதி, மூன்று வருஷப் பழசு.
கீழே என் கையெழுத்து:
மாதாமாதம் பார். மறந்துபோவாய்.

பென்சிலை நான் வாங்கினேன்.
இந்த முறை எழுதியது
வெளிப்பக்கத்தில்.