சேதாரம்

பண்ணைக்காட்டுக்கு மேலே
ஆரஞ்சுத் தோட்டங்கள் முடிந்து
பஸ் மூச்சு வாங்கும் வளைவில் இறங்கினேன்.
பையில் அளவுகோல், அரக்கு, முத்திரைக் கட்டை,
திண்டுக்கல்லிலிருந்து வந்த குறிப்பாணை:
"நான்காம் பீப்பாயில் ஒன்பது லிட்டர் குறைவு.
காரணம் எழுதவும்."

கோப்பில் கொடியின் பெயர்
கவர்னர் சாவி என்று தட்டச்சாகியிருந்தது.
கேபர்னே சாவிஞான் என்று திருத்தி அனுப்பினேன்.
மேலிடம் அதையும் அடித்துவிட்டுக்
கறுப்புத் திராட்சை என்றது.

ஜெசிந்தா பிலவேந்திரன் கதவைத் திறந்தாள்.
நகக்கண் பத்திலும் ஊதா.
"வாங்க மேடம், இன்னிக்கு முட்டை நாள்."
பீப்பாய்க்கு ஆறு, வெள்ளைக்கரு மட்டும்.
சிட்டிகை உப்புப் போட்டு
நுரை வராமல் கலக்கி ஊற்றுகிறாள்.
கலங்கலையெல்லாம் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு
அது மெல்ல அடியில் போய் உட்காருமாம்,
கல்யாண வீட்டுச் சண்டைக்காரர்களைக்
கொல்லைப்பக்கம் அழைத்துப் போகிற சித்தி மாதிரி.
மஞ்சள் கருக்கள் இருபத்து நான்கும்
எவர்சில்வர் தூக்கில் கீழ்வீட்டுக்குப் போயின.
என் பதிவேட்டில் முட்டைக்குப் பத்தி இல்லை.

நான் குடிப்பதில்லை.
எனக்குத் தெரிந்தது மிதவைமானி நிற்கும் கோடு.
ஆனால் அடைப்பை உருவியதும் ஏறி வந்தது
எந்தக் கோட்டிலும் நிற்கவில்லை:
குடைமிளகாய் நறுக்கிய கத்தி,
மழையில் நனைந்த தபால் பை,
அப்புறம் ஏதோ ஒன்று, பெயர் வாய்க்கு வரவில்லை.
"துவர்ப்பு இன்னும் இறங்கல,
வாழைப்பூவைப் பச்சையாக் கடிச்ச மாதிரி இருக்கும்.
ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க" என்றாள்.
அதற்குள் எனக்கு இடமாற்றம் வந்துவிடும் என்றேன்.

ஒன்பது லிட்டர் என்று வாசித்தபோது
எல்லாரும் தொபியாஸைப் பார்த்தோம்.
நானும்தான்.
பீப்பாய் உருட்டுகிறவன், சுவரோரம் நின்றிருந்தான்.
எனக்கு முன்பிருந்த அதிகாரி
அவனை வாயைத் திறக்கச் சொல்லி
மோந்து பார்த்துவிட்டுப் போனாராம்.
இப்போது கேட்காமலே திறந்தான்.
"மூடுங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

நான்காவது பீப்பாய் ஜன்னலடியில்.
வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மேலேறும் வறண்ட காற்று
நேராக வந்து அதன் வயிற்றில் மோதுகிறது.
"மரம் மூச்சு விடுதுங்க.
அடைச்சு வச்சா உள்ள இருக்கறது செத்துப் போயிரும்."
அவன் காட்டிய இடத்தில்
சுண்ணாம்புச் சுவர் ஆள் உயரத்துக்குக் கறுத்திருந்தது.
தொட்டேன், வெல்வெட்.
குடித்துக் கொழுத்த பூஞ்சை.
அதன் வாயை யாரும் மோந்து பார்த்ததில்லை.

கசிவு என்று எழுதி அடித்தேன்.
களவு என்பதை எழுதவே இல்லை.
காரணம்: ஆவி.
கையெழுத்து, தேதி.

பத்தாம் நாள் பதில் வந்தது:
"எந்த ஆவி? விளக்கவும்."

மாசியில் மகளுக்கு அரைப் பவுனில் தோடு எடுத்தேன்.
நூற்றுக்குப் பன்னிரண்டு சேதாரம் போட்டான் கடைக்காரன்.
போனது எங்கே என்று
காக்கிச் சட்டையோடு நின்ற நானும் கேட்கவில்லை.
ரசீதை மடித்துப் பர்சில் வைத்தேன்.
அதே கையால் இப்போது எழுதினேன்:
"சேதாரம். நூற்றுக்கு நான்கு.
தங்கத்துக்கு உள்ளது இதற்கும் உண்டு.
குற்றம் யார்மீதும் இல்லை."
இதற்கு இன்னும் பதில் இல்லை.

ஒன்றைமட்டும் கோப்பில் சேர்க்கவில்லை.
அன்று கடைசி பஸ்ஸில் கீழே இறங்கும்போது
ஊத்துத் திருப்பத்தில் எல்லாரும் ஒருபக்கம் சாய்ந்தோம்.
பக்கத்து இருக்கைக்காரர்
என் தோளருகே மூச்சை இழுத்தார்,
பெயர்ப்பட்டையைப் படித்தார்,
ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்.
ஜன்னலை இறக்கிவிட்டேன், மூடுபனி உள்ளே வராமலிருக்க;
இல்லை, அது வெளியே போகாமலிருக்க.
ஒன்பதில் என் பங்கு எவ்வளவோ.